கூடுதலாக ஒரு பட்டை

அந்த மனிதரோடு எனக்கு ஒருநாளும் ஒத்துப்போனதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, இல்லையென்றால் நான் அவரைப் புகழ வந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொள்வீர்கள். எங்கள் ஆஸ்பத்திரியில் அவருக்கு 'லாரி' என்று பெயர். நேரில் 'அண்ணே', முதுகுக்குப் பின்னால் 'லாரி'. வயிறு முதலில் வரும், பிறகு சற்றுத் தாமதமாக ஆள் வருவார். அவர் ஆஸ்பத்திரி வண்டிப் பட்டறையில் நின்று சாதாரணமாகப் பேசினால் மாடி வார்டில் தூங்குகிறவர் எழுந்து உட்காருவார்.

பாதி ஆயுளை லாரிப் பட்டறையில் கழித்துவிட்டு வந்தவருக்கு இங்கே கிடைத்தவை பேட்டரி வண்டிகள். ஏதோ ஒரு கோல்ஃப் மைதானத்தில் பணக்காரர்கள் பந்தடிக்கப் போய்வந்த வண்டிகளாம். அவர்கள் புதுசு வாங்கியதும் பழையதை எங்கள் தலையில் கட்டிவிட்டார்கள். மட்டைப் பைகளை மாட்டும் கம்பிகள் பின்னால் அப்படியே இருந்தன, அதில் நாங்கள் ஆக்ஸிஜன் சிலிண்டரைக் கட்டினோம். வார்டிலிருந்து எக்ஸ்ரேவுக்கு, எக்ஸ்ரேவிலிருந்து ஆபரேஷனுக்கு என்று நாள் முழுக்க நோயாளிகளை ஏற்றி இறக்குவதுதான் என் பிழைப்பு. புல்தரையில் ஓடுவதற்காகச் செய்த வண்டி. எங்கள் பாதையோ சிமெண்டுப் பலகைகளை வரிசையாகப் போட்டு மூடியது. பலகைக்கும் பலகைக்கும் நடுவே இடைவெளி. பாதி வழியில் சாக்கடை மேல் ஒரு இரும்புக் கம்பி மூடி, தரையைவிட ஒரு விரல் உயரமாகத் துருத்திக்கொண்டிருக்கும். அதைத் தாண்டும்போது கடவுள் நம்பிக்கை இல்லாதவர்கூட அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்.

பாதையைச் சரிசெய்யச் சொல்லி நாங்கள் கேட்காத ஆள் இல்லை. அடியில் குழாய் போகிறது, அடிக்கடி திறக்க வேண்டியிருக்கிறது, அதனால் பலகைதான் என்று முடித்துவிட்டார்கள்.

ஆனால் குலுக்கலுக்குக் காரணம் பாதை மட்டும் இல்லை. வண்டிக்கு அடியில் வில்லாக வளைந்த இரும்புப் பட்டைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிக் கட்டியிருப்பார்கள். சக்கரம் எதிலாவது ஏறி இறங்கினால் பட்டை வளைந்து அந்த அடியைத் தான் வாங்கிக்கொள்ளும், மேலே உட்கார்ந்திருப்பவருக்கு விடாது. எங்கள் வண்டிகளில் அந்த அடுக்கோடு கூடுதலாக ஒரு பட்டை இருந்தது. அது லாரி அண்ணன் சேர்த்தது.

அவர் சும்மா சேர்க்கவில்லை. அவர் வேலைக்கு வந்த புதிதில் ஒரு வண்டியில் சலவை மூட்டைகளை ஏற்றி, அதன்மேல் வார்டு ஆட்கள் தொற்றிக்கொண்டு, நடுவில் ஒரு கிழவரையும் உட்கார வைத்து மேட்டில் ஏற்றியிருக்கிறார்கள். பட்டை 'பட்'டென்று முறிந்து வண்டி சாய்ந்தது. மூட்டைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கிழவருக்கு இடுப்பு எலும்பு போய்விட்டது. அவரைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடியவர் லாரி அண்ணன்தான். அந்த வாரமே காயலான் கடையில் கிடந்த பழைய வேன் பட்டைகளை வெட்டி, எல்லா வண்டிக்கும் ஒவ்வொன்றாகச் சேர்த்துக் கட்டிவிட்டார். அதற்குப் பிறகு ஒரு பட்டைகூட முறியவில்லை. அதை அவரும் மறக்கவில்லை, எங்களையும் மறக்க விடவில்லை.

அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்த வண்டியை ரிப்பேர் பார்த்தாலும், தானும் தன் கீழே வேலை பார்க்கும் மெக்கானிக்குகள் இரண்டு பேருமாக ஏறி உட்கார்ந்துதான் ஓட்டிப் பார்ப்பார். "காலி வண்டிய ஓட்டிப் பாக்கறது வேலை தெரியாதவன் செய்யறது. லோடு ஏத்தி ஓட்டு. அப்பதான் வண்டி வாயத் திறந்து உண்மையச் சொல்லும்" என்பார். லாரிக்கு அது சரிதான். சரக்கு இல்லாத லாரி எப்படிக் குலுங்கினால் யாருக்கு என்ன?

நான் ஒல்லி. என் வண்டியில் பெரும்பாலும் ஒரே ஒரு நோயாளி, அவரும் நோயில் இளைத்தவர். எங்கள் இரண்டு பேரின் பாரத்துக்கு அந்தப் பட்டை அசைந்துகூடக் கொடுக்காது. விறைத்துக்கொண்டு நிற்கும். கீழே படுகிற அடி அப்படியே மேலே வரும். இதை நான் அவரிடம் சொல்லாமல் இல்லை.

"அண்ணே, தனி ஆள வெச்சு ஓட்டினா வண்டி உதைக்குதுண்ணே. பாவம், முனகறாங்க."

"ஆஸ்பத்திரிக்கு வந்தவங்க முனகத்தான் செய்வாங்க. முனகாதவன் வீட்ல இருப்பான். நீ ரோட்டப் பாத்து ஓட்டு."

எனக்கு வாய் நீளம். "உங்க பொண்டாட்டிய ஒருநாள் ஏத்திட்டுப் போனாத் தெரியும்" என்று சொல்லிவிட்டு வந்தேன். பேச்சுக்குச் சொன்னதுதான். அது இப்படிப் பலிக்கும் என்று யார் கண்டது?

அவர் மனைவியை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஊழியர் குடியிருப்பில், ஒரு அறையும் ஒரு சமையலறையும் உள்ள வீடு. அறையில் பாதியைக் கால் மிதி தையல் இயந்திரம் பிடித்துக்கொண்டிருக்கும். எங்கள் வண்டிகளின் ரெக்சின் சீட்டு எல்லாம் அவர் தைத்ததுதான். தடித்த ரெக்சினை மிதித்துத் தைக்கக் காலில் நல்ல பலம் வேண்டும், அண்ணிக்கு இருந்தது. "உங்க ரெண்டு பேருக்கும் ஒரே கம்பெனிதான். மேல நீங்க, கீழ அவரு" என்று நான் கிண்டல் செய்தால், "மேல இருக்கறது மெத்துன்னு இருக்கும், கீழ இருக்கறதுதான் முரடு" என்று சிரிப்பார். நல்ல சிரிப்பு அது.

முதுகுவலி என்று ஆரம்பித்தது. மிதித்து மிதித்து வந்த வலி என்றுதான் எல்லோரும் நினைத்தோம். பரிசோதனை செய்தபோது, முதுகெலும்பிலேயே கட்டி பரவியிருந்தது. ஆளும் அதற்குள் பாதியாகிவிட்டார். டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார். நோயைக் குணப்படுத்த முடியாது. ஆனால் தினமும் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைத்தால் கட்டி சுருங்கும், கால் தப்பும். நடுவில் விட்டால் அது நரம்பை அழுத்தி இரண்டு காலும் விழுந்துவிடும், பிறகு இருக்கிற காலம் முழுக்கப் படுக்கைதான்.

அண்ணி கேட்டது ஒன்றே ஒன்று. "கால் இருக்குமா டாக்டர்? பாத்ரூமுக்கு நானா நடந்து போகணும். அவரு என்னைத் தூக்கிட்டுப் போறமாதிரி ஆகக்கூடாது."

"விடாம வந்தா இருக்கும்மா."

கரண்ட் வைக்கும் கட்டடம் வளாகத்தின் மறுகோடியில் இருந்தது. தள்ளுநாற்காலி அந்தப் பலகைப் பாதையில் ஒவ்வொரு இடைவெளியிலும் மாட்டிக்கொள்ளும். ஆம்புலன்ஸை வளாகத்துக்குள் நடமாடுகிற நோயாளிக்குத் தர மாட்டார்கள். ஆகவே என் வண்டி.

முதல் நாள் லாரி அண்ணன் தன் மனைவியைக் குழந்தையைப்போலத் தூக்கிப் பின்சீட்டில் வைத்துவிட்டு, "பாத்து ஓட்டும்மா" என்று பட்டறைக்குப் போய்விட்டார். நான் நடக்கிற வேகத்தில்தான் ஓட்டினேன். அப்படியும் ஒவ்வொரு பலகைக்கும் அண்ணியின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. கம்பி மூடியில் சக்கரம் ஏறி இறங்கியபோது கத்தியேவிட்டார். அந்தக் கத்தல் பட்டறைவரை கேட்டிருக்கிறது. கையில் ஸ்பேனரோடு அந்த உடம்பு ஓடிவந்ததை நான் அன்றுதான் பார்த்தேன். மூச்சு வாங்க அண்ணி பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டார். மிச்சத் தூரம் வண்டி அவ்வளவாக உதைக்கவில்லை. அவர் பாரம் அப்படி. ஆனால் அன்று அது அவருக்கும் உறைக்கவில்லை, எனக்கும் உறைக்கவில்லை.

"வண்டிய நான் சரி பண்ணிடறேன். நாளைக்குப் பாரு" என்றார் மனைவியிடம்.

சொன்னதுபோல அன்றைக்கே ஆரம்பித்தார். லாரி டயர்போலக் கல்லாக அடைத்து வைத்திருந்த காற்றைக் குறைத்தார். மறுநாள் பின்சீட்டுக்குள் தடித்த ஸ்பாஞ்சு வைத்தார், தைத்துக் கொடுக்க அண்ணியால் முடியாததால் தானே கோணல்மாணலாகத் தைத்தார். பிறகு ஷாக் அப்சார்பரைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே எண்ணெய் என்பதே இல்லை, வெறும் குழாய். புதுசு போட்டார். நசுங்கிப்போன ரப்பர் புஷ்களை மாற்றினார். ஒவ்வொன்று முடிந்ததும் வழக்கப்படி இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு ஓட்டிப் பார்த்தார். கம்பி மூடியைத் தாண்டிவிட்டுத் திரும்பிப் பார்த்து, "தாண்டினதே தெரியல பாத்தீங்களா?" என்று மெக்கானிக்குகளிடம் கேட்பார். மேலே இருப்பவர் கேட்டால் வேறென்ன பதில் வரும்? அவர்களுக்கும் உண்மையிலேயே தெரியவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

எல்லாவற்றையும் தொட்டவர் அந்தக் கூடுதல் பட்டையை மட்டும் தொடவில்லை.

தினமும் நாங்கள் திரும்பி வரும்போது பட்டறை வாசலில் நின்றுகொண்டு கேட்பார்.

"எப்படிடீ இருந்தது?"

"மெத்தை மாதிரி இருந்துதுங்க."

"நேத்தைக்கு இன்னிக்கு?"

"இன்னிக்கு இன்னும் நல்லா."

அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பரீட்சையில் தேறிய பையன் மாதிரி என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு வேறு. ஆனால் என் கண்ணாடியில் தெரிந்தது வேறு. ஏறியதும் அண்ணி சால்வையின் நுனியைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொள்வார். வலது கை சால்வைக்கு அடியில் பக்கக் கம்பியைப் பிடித்திருக்கும். சால்வை விலகும்போது பார்த்தால் விரல் மூட்டெல்லாம் வெளுத்திருக்கும். பட்டறை நெருங்கியதும் சால்வையை வாயிலிருந்து எடுத்து, கையைக் கம்பியிலிருந்து எடுத்து, மடியில் வைத்துக்கொண்டு முகத்தைத் துடைத்துக்கொள்வார்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேன். "ஏன் அண்ணி இப்படிப் பொய் சொல்றீங்க? வாயத் தொறந்து சொன்னாத்தான அவரு வேற ஏதாவது செய்வாரு?"

"என்ன செய்வாரு? எல்லாம்தான் செஞ்சு பாத்துட்டாரே." மூச்சுவிட்டுப் பேசினார். "எனக்கு வந்த சீக்குல டாக்டர் கைவிரிச்சிட்டாரு. மாத்திரைக்கும் வலி கேக்கல. அவரால ஆனது இந்த ஒண்ணுதான். இதுவும் ஆகலைன்னு சொன்னா மனுஷன் உடைஞ்சிடுவாரும்மா. நீ எதுவும் சொல்லிடாத. என்மேல ஆணை."

ஆணை என்றால் நான் என்ன செய்ய முடியும்? இரண்டு பேர்மேலும் கோபம்தான் வந்தது. ஒருவருக்கு வீம்பு, இன்னொருவருக்கு அன்பு, நடுவில் வண்டியை ஓட்டுவது நான்.

பிறகு அண்ணி நாள் தவற ஆரம்பித்தார். ஒருநாள் தலை சுற்றுகிறது என்றார். ஒருநாள் வாந்தி. அடுத்த வாரத்தில் இரண்டு நாள் கதவையே திறக்கவில்லை. டாக்டர் என்னிடமே சொல்லி அனுப்பினார்: "இன்னும் இப்படி விட்டா நான் பொறுப்பில்ல. கால்ல ஏற்கனவே பலம் குறையுது."

நான் போனபோது வீட்டில் அண்ணி கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். தையல் இயந்திரத்தின்மேல் துவைத்த துணிகள் குவிந்து கிடந்தன. லாரி அண்ணன் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். அந்தக் குரல் அவ்வளவு தணிந்து நான் கேட்டதில்லை.

"என்ன பயம் உனக்கு? சொல்லு. அந்த ரூமா? மெஷினா? தனியா உள்ள விடறாங்களே, அதுவா?"

"ஆமாங்க. அந்த மெஷின்தான். தலைக்கு மேல வருதுல்ல."

"நான் டாக்டர்கிட்டப் பேசி வெளிய கண்ணாடிகிட்ட நிக்கறேன். என்னைப் பாத்துக்கிட்டே இரு. வண்டிலயாவது கஷ்டம் இல்லாமப் போறல்ல?"

அண்ணி சுவரைப் பார்த்தபடியே "கஷ்டம் ஒண்ணும் இல்லைங்க" என்றார். நான் அங்கே நிற்க முடியாமல் வெளியே வந்துவிட்டேன்.

கண்ணாடியருகே நிற்க டாக்டர் விடாததால், மறுநாள் அவர் கெஞ்சிக் கூத்தாடித்தான் அண்ணியை ஏற்றிவிட்டார். அன்றைக்கென்று சலவைக்காரர் நான்கு ஈர மூட்டைகளைப் பின்னால் போட்டார். வழியில் காவலாளிகள் இரண்டு பேர், ஒவ்வொருவரும் ஒரு மூட்டை அளவுக்கு இருப்பார்கள், கேட்காமலே ஏறிக்கொண்டார்கள். சண்டை போடலாம் என்று திரும்பியவள், கண்ணாடியைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்துவிட்டேன். கம்பி மூடி தாண்டியாயிற்று. அண்ணியின் வாயில் சால்வை இல்லை. தலை காவலாளியின் தோளில் சாய்ந்திருந்தது. தூங்கிப்போயிருந்தார்.

அண்ணியை இறக்கிவிட்டு நேரே பட்டறைக்குப் போனேன். பொய்யைப் பற்றிச் சொல்லக்கூடாது என்றுதானே ஆணை? இதைச் சொல்ல ஒன்றும் தடையில்லையே.

"அண்ணே, இன்னிக்கு வண்டி முழு லோடு. அண்ணி தூங்கிட்டாங்க. புரியுதா? லோடு இருந்தா வண்டி மெத்துன்னு போகுது, லோடு இல்லன்னா உதைக்குது. அந்தப் பட்டையக் கழட்டுங்க."

முகம் இறுகிவிட்டது. "பட்டையக் கழட்டினா மறுபடி முறியும். கிழவர் விழுந்தப்போ நீ பாத்தியா? நான் தூக்கிட்டு ஓடினேன். அந்த எலும்பு உள்ள நறநறன்னது இன்னும் என் கையில இருக்கு."

"முறியறது பட்டையால இல்லண்ணே, மூட்டை ஏத்தறதால."

"லோடுதான வேணும்? லோடு நான் தரேன்" என்று எழுந்துபோனார்.

கட்டட வேலை நடக்கிற இடத்திலிருந்து மணலை அள்ளிச் சாக்குகளில் நிரப்பிக்கொண்டு வந்தார். பட்டையைக் காப்பாற்ற மணல் சுமக்கிறவரை நான் என்ன சொல்ல? கால் வைக்கும் இடத்திலும் சீட்டுக்குப் பின்னாலும் அடுக்கினால் போதும் என்று கணக்குப் போட்டார். அடுக்குவதற்கு முன்னால், எவ்வளவு வேண்டும் என்று பார்க்க, ஒரு சிறிய சாக்கைத் தனியாக எடுத்தார். அதில் மணலைக் கொட்டுவதும், தூக்கிப் பார்ப்பதும், கொஞ்சம் எடுப்பதும், மறுபடி தூக்கிப் பார்ப்பதுமாக இருந்தார். தராசு வைக்கவில்லை. இரண்டு கையிலும் ஏந்தி, நெஞ்சோடு சேர்த்துத் தூக்கிப் பார்த்தார். பிறகுதான் எனக்குப் புரிந்தது. தினமும் அண்ணியைத் தூக்கி வைக்கும் கை அது. அண்ணியின் எடையைச் சாக்கில் நிரப்பிக்கொண்டிருக்கிறார்.

"இவ்வளவுதான் இருக்கா" என்றார், என்னிடம் இல்லை.

அந்தச் சாக்கைப் பின்சீட்டில் அண்ணி உட்காரும் இடத்தில் வைத்தார். "நீ மட்டும் ஓட்டு. முதல்ல இப்படியே, வேற லோடு இல்லாம. எவ்வளவு குலுங்குதுன்னு பாத்துட்டு மிச்சத்த ஏத்தறேன்." அவர் போய்க் கம்பி மூடிக்குப் பக்கத்தில் இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டார். இத்தனை வருஷத்தில் அவர் ஏறாமல் ஒரு வண்டி ஓடுவதை வெளியே நின்று பார்ப்பது அதுதான் முதல் தடவை.

அண்ணியோடு எப்படி ஓட்டுவேனோ அப்படியே ஓட்டினேன். ஒவ்வொரு பலகைக்கும் பின்னால் 'தொப்'பென்று சத்தம். கம்பி மூடியில் பின்சக்கரம் ஏறி இறங்கியது. சாக்கு சீட்டைவிட்டு எழும்பியது, நன்றாக ஒரு சாண் எழும்பியது, சீட்டின் விளிம்பில் விழுந்து, அங்கிருந்து அவர் காலடியில் தரையில் விழுந்து வாய் பிளந்துகொண்டது.

நான் வண்டியை நிறுத்தினேன். அவர் கொட்டிய மணலையே பார்த்துக்கொண்டு நின்றார். குனிந்து இரண்டு கையாலும் அதைக் கூட்டி அள்ளப் பார்த்தார். பலகை இடுக்கில் பாதி போய்விட்டது.

"அவ மெத்தை மாதிரின்னாளே" என்றார்.

நான் வாயைத் திறக்கவில்லை. ஆணை இருக்கிறதே.

"கம்பியப் பிடிச்சுக்கிட்டிருப்பா. சாக்குக்குக் கை இல்லல்ல, அதான்" என்று தானே ஒரு பதிலும் சொல்லிக்கொண்டார். ஆனால் மற்ற சாக்குகளை ஏற்றவில்லை. வண்டியைப் பட்டறைக்குள் விடச் சொன்னார். படுத்தபடி அடியில் போய், துருவேறி இறுகிப்போன போல்ட்டுகளைச் சுத்தியலால் அடித்து அடித்துக் கழற்றினார். அவர் கைப்பட வெட்டி வைத்த பட்டை அவர் நெஞ்சின்மேலேயே விழுந்தது. அதைத் தள்ளிவிட்டுவிட்டு மிச்சப் பட்டைகளுக்கு நடுவே கிரீஸ் தடவி மறுபடி கட்டினார்.

மறுநாள் காலையில் அண்ணியை ஏற்றும்போது அவர் ஏறவில்லை. வண்டியோடு நடந்து வந்தார், பக்கக் கம்பியில் கைவைத்துக்கொண்டு. அண்ணி வழக்கம்போலச் சால்வையைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் இடது பக்கம் இருக்கிறார் என்று தெரிந்து வலது கையைச் சால்வைக்குள் மறுபக்கக் கம்பிக்குக் கொண்டுபோனார். நான் கிளம்பினேன். பலகைகள் ஒன்றொன்றாகப் போயின. வண்டி மெல்ல அமுங்கி எழுந்தது, அவ்வளவுதான். கம்பி மூடி வந்தது. முன்சக்கரம் ஏறி இறங்கியது, பின்சக்கரம் ஏறி இறங்கியது. கண்ணாடியில் பார்த்தேன். கம்பியைப் பிடித்திருந்த கை தானாகவே தளர்ந்து, நழுவி, மடியில் வந்து விரிந்து கிடந்தது.

கண்ணைத் திறக்காமலே அண்ணி கேட்டார்:

"என்னம்மா, இன்னும் கிளம்பலையா?"

அண்ணி கண்ணைத் திறந்தார். கரண்ட் கட்டடத்தின் வாசல் எதிரே இருந்தது. முதலில் அதைப் பார்த்தார், பிறகு பக்கத்தில் நின்ற புருஷனைப் பார்த்தார். தான் என்ன சொல்லிவிட்டோம் என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. "இல்லைங்க, கண்ணை மூடியிருந்தேனா, அதான்…" என்று ஆரம்பித்தார்.

"அப்ப இத்தன நாளும்?"

"விடுங்க."

"இத்தன நாளும் மெத்தை மாதிரின்னியேடீ."

"நீங்க ராத்திரி தூங்கணும்ல" என்றார் அண்ணி.

அவர் அண்ணியைத் தூக்கி உள்ளே கொண்டுபோய்விட்டு வெளியே வந்தார். வாசல் படியில் உட்கார்ந்து அழுதார். லாரிக்காரர் அழுகை, அதிலும் சத்தத்துக்குக் குறைவில்லை, போகிற வருகிறவர்கள் எல்லாம் பெரிய சாவு என்று நினைத்து ஒதுங்கிப் போனார்கள். நடுவில் என்னிடம் ஒன்று கேட்டார். "நான் வந்த நாள்லேர்ந்து எத்தன பேரும்மா இதுல போயிருப்பாங்க?" எனக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. தெரியாது என்று மட்டும் சொன்னேன். உண்மையிலேயே யாருக்கும் தெரியாது.

அந்த வாரத்துக்குள் எல்லா வண்டியிலும் அந்தப் பட்டையைக் கழற்றிவிட்டார். பட்டை முறியுமோ என்ற பயம் அவரைவிட்டுப் போகவில்லை. அதனால் பாதையிலேயே நின்றுகொண்டு சலவை மூட்டைகளை இறக்கிப் போட்டார், தொற்றிக்கொண்டு வந்த காவலாளிகளைச் சட்டையைப் பிடித்து இழுத்தார், ஒரு டாக்டரைக்கூட "நடந்து போங்க, கால் இருக்குல்ல" என்றார். அவர்மேல் புகார் போயிற்று. அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அண்ணி அதன்பிறகு ஒருநாளும் தவறவில்லை. ஆனால் தவறிய நாட்கள் தவறியவைதான். வலது கால் நின்றது, இடது கால் முழுசாகத் திரும்பவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை இழுத்துக்கொண்டு, கடைசி வாரம்வரை பாத்ரூமுக்குத் தானாகத்தான் போனார். கடைசி வாரம் லாரி அண்ணன்தான் தூக்கிக்கொண்டு போனார்.

காரியமெல்லாம் முடிந்து அவர் வேலைக்குத் திரும்பி வந்தபோது தையல் இயந்திரம் பட்டறையின் மூலையில் இருந்தது. சீட்டுகளை இப்போது அவரே தைக்கிறார், இன்னும் கோணல்தான். வண்டியை லோடு ஏற்றி ஓட்டிப் பார்ப்பதில்லை. மணல் சாக்கு ஒன்று வைத்திருக்கிறார், அதைச் சீட்டில் வைத்து என்னை ஓட்டச் சொல்லிவிட்டுக் கம்பி மூடிக்குப் பக்கத்தில் போய் நிற்கிறார்.

போன மாதம் ஒரு அம்மாவை ஏற்றிக்கொண்டு பட்டறையைத் தாண்டும்போது அவர் கைகாட்டி நிறுத்தினார். நான் முந்திக்கொண்டு, "வண்டி நல்லா இருக்காம்ணே, இப்பதான் கேட்டேன்" என்றேன். அந்த அம்மாவும் "நல்லா இருக்குப்பா" என்று சிரித்தார்.

அவர் அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்கவே இல்லை. குனிந்து, போர்த்தியிருந்த துணியின் ஓரத்தை மெல்ல விலக்கிப் பார்த்தார். உள்ளே விரல்கள் கம்பியைச் சுற்றி வெளுத்துக் கிடந்தன.

"கேக்காதம்மா" என்றார் என்னிடம். "கேட்டா நல்லா இருக்குன்னுதான் சொல்லுவாங்க. கையப் பாரு."

அந்த அம்மாவை வேறு வண்டிக்கு மாற்றிவிட்டு, ஒரு காலிச் சாக்கை விரித்துப் போட்டுக்கொண்டு என் வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தார்.